தப்பாகப் பட்ட பந்துக்கும் ஒரு டிரைவர்

கோல்ஃபில் தூரமாக அடிக்க முதல் அடிக்கு எடுக்கும் நீளமான மட்டைக்கு, அதாவது கிளப்புக்கு, டிரைவர் என்று பெயர். அதை வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் முதலில் கேட்பது, "எதுல அடிச்சா ரொம்ப தூரம் போகும்?" என்றுதான். எனக்கு அந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. நடுவில் அச்சாகப் பட்டால் இன்றைக்குக் கடையில் இருக்கும் நல்ல டிரைவர்கள் எல்லாமே தூரம் போகும். கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், பந்தை எவ்வளவு துள்ள வைக்கலாம் என்பதற்கு விதியில் ஒரு மேல்வரம்பு இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் எல்லாம் அந்த வரம்பை ஒட்டியே செய்கின்றன. ஆகவே நல்ல அடியை வைத்து இரண்டு டிரைவரை ஒப்பிடுவதில் நமக்கு அதிகம் தெரியவராது. சரியாகப் படாத பந்து எங்கே போய் விழுகிறது என்று கேளுங்கள். அதில்தான் ஒரு டிரைவருக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியும்.

பெரும்பாலான மைதானங்களில் 18 குழியில் 14 இடத்தில் டிரைவர் எடுக்க வாய்ப்பு வரும். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை விளையாடுகிறவர்களுக்கு அதில் ஒன்றோ இரண்டோதான் முகத்தின் நட்டநடுவில் படும். மற்றவை ஷாஃப்ட் என்ற தண்டின் பக்கமான ஹீலில், இல்லை வெளி நுனியான டோவில், இல்லை முகத்தின் அடியில் படும். ஸ்கோர் கார்டில் ஏறுகிற கணக்கில் இந்தப் பந்துகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

எங்கள் கூட்டம் சின்னது. செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் பார்க்கும் அண்ணா ஒருவர், சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்ஜினியர் சார், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பதி, அப்புறம் நான். விளையாடப் போவது கோயம்புத்தூர், இல்லாவிட்டால் பெங்களூரு. கோடையில் கொடைக்கானல். விடிவதற்கு முன்பே கிளம்பி மூன்று மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து போய், இடுப்பு கூட நிமிராத நிலையில் முதல் டீயில், அதாவது முதல் குழிக்கு அடி தொடங்கும் இடத்தில், நிற்கிறோம். அந்த உடம்போடு அடிக்கும் முதல் பந்து நடுவில் படும் என்று யார் சொல்ல முடியும்? மைதானத்துக்குப் பக்கத்திலேயே வீடு, தினம் ஒரு மணி நேரம் ரேஞ்சில் பயிற்சி என்று இருப்பவர்களுக்கான டிரைவர் வேறு. நமக்கானது வேறு. இதைச் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. கண்ணாடி வாங்கும்போது நம் கண்ணுக்கு ஏற்ற பவர்தானே கேட்கிறோம்.

பயிற்சி எங்களுக்கு ஏற்காட்டில்தான். பழம் பறிப்பு முடிந்து காப்பிக் களம் காலியானதும் அதன் ஓரத்தில், இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே வலை கட்டிவிடுவார்கள். அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, களத்தில் பாய் விரித்து, பந்தை வைக்கும் சின்ன முளைக்கும் டீ என்றுதான் பெயர், அதைக் குத்தி அடிப்போம். கீழே சேலம் வெயிலில் காயும்போது மேலே காற்று இதமாக இருக்கும். டிரைவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி அந்தக் களத்தில் தெரிந்துகொண்டது.

பெரிய தலை டிரைவர் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் எதற்காகப் பெரிதாக்கினார்கள் என்பது புரிந்தால் எதை வாங்குவது என்பதும் பாதி புரிந்துவிடும். ஒரு காலத்தில் டிரைவர் என்றால் பெர்சிமன் மரக்கட்டை. கைக்குள் அடங்கும் அளவு. 1979-இல் கேரி ஆடம்ஸ் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி உலோகத் தலையை விற்க ஆரம்பித்தார். 1991-இல் கால்லவே நிறுவனம் பிக் பெர்த்தாவைக் கொண்டுவந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தலையின் கன அளவு 190 சிசி. அன்றைக்கு அதுவே பிரம்மாண்டம். 1995-இல் அதே நிறுவனத்தின் கிரேட் பிக் பெர்த்தா டைட்டானியத்தில் 250 சிசி ஆனது. பிறகு எல்லா நிறுவனங்களும் போட்டி போட்டுத் தலையை ஊதிப் பெரிதாக்க, 2004-இல் 460 சிசிக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. இன்றைக்கு விற்கும் டிரைவரில் பெரும்பாலானவை அந்த அளவை ஒட்டியவைதான்.

இன்ஜினியர் சார் இதை ஒரே ஒரு கணக்கில் விளக்குவார். டிரைவர் தலையின் எடை இன்றும் சுமார் 200 கிராம்தான். அதைக் கூட்டினால் வீச முடியாது. எஃகின் அடர்த்தி கிட்டத்தட்ட 8, டைட்டானியத்தின் அடர்த்தி நாலரை. அதே 200 கிராமில் எஃகை வைத்து 460 சிசி ஓடு செய்யப் போனால் தகடு பந்தின் அடியைத் தாங்காத அளவுக்கு மெலிந்துவிடும். டைட்டானியத்தில் முடிகிறது. அது மட்டுமில்லாமல் மேல் ஓட்டை கார்பன் ஃபைபரில் செய்தால் இன்னும் சில கிராம் மிச்சமாகிறது. அந்த மிச்சத்தைக் கொண்டுபோய்ப் பின்னாலும் ஓரங்களிலும் வைக்கிறார்கள். "பெருசா இருக்கறது முக்கியம் இல்லீங்க. மிச்சமான எடைய எங்க கொண்டுபோய் வெச்சான்னு பாருங்க" என்பார். வாழ்நாள் முழுக்க ஸ்டெயின்லெஸ் தகட்டோடு இருந்தவர் சொன்னது. எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

எடை ஓரத்தில் இருந்தால் என்ன லாபம்? காவடித் தண்டைத் தோளில் வைத்து நிற்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் குடம் தொங்கும்போது அந்தத் தண்டைச் சட்டென்று திருப்ப முடியாது. இரண்டு குடத்தையும் தோளுக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டால் சின்னப் பையன் தொட்டாலே சுற்றும். எடை அதேதான், இடம்தான் மாறியது. டிரைவர் தலையும் இப்படித்தான். பந்து டோவில் பட்டால் தலை பின்னால் திருகும். அப்படித் திருகும்போது பந்துக்குப் போக வேண்டிய வேகம் வீணாகும், திசையும் மாறும். எடை ஓரங்களில் இருந்தால் திருகல் குறையும். இந்தத் திருகாத தன்மையை எம்ஓஐ என்று சொல்கிறார்கள். தப்பை மன்னிக்கும் டிரைவர் என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் குறிக்கும்.

அந்த எண்ணுக்கும் வரம்பு உண்டு. தலை இடவலமாகத் திருகுவதற்கான எம்ஓஐ 5,900-ஐத் தாண்டக்கூடாது, அளவையில் ஏற்படும் வித்தியாசத்துக்காக இன்னும் 100 விட்டுக்கொடுக்கிறார்கள். 2007-இல் நைக்கியும் கால்லவேயும் சதுரத் தலை டிரைவர்களைக் கொண்டுவந்ததும் எடையை மூலைகளுக்குத் தள்ளி இந்த எண்ணைக் கூட்டத்தான். சதுரம் நிலைக்கவில்லை. ஆனால் எடையைப் பின்னால் தள்ளும் யோசனை நிலைத்துவிட்டது.

2024-இல் பிங் ஜி430 மேக்ஸ் 10கே, டெய்லர்மேட் க்யூஐ10 மேக்ஸ் இரண்டும் 10,000 என்ற எண்ணோடு வந்தன. வரம்பு 5,900 என்றால் 10,000 எப்படி என்று குழம்ப வேண்டாம். இடவலத் திருகல், மேல்கீழ்த் திருகல் இரண்டையும் கூட்டிச் சொல்லும் எண் அது. விதி கட்டுப்படுத்துவது இடவலத்தை மட்டும். எடையைப் பின்னால் தள்ளிய வகையான பழைய நல்ல மேக்ஸ் மாடல்கள் அந்த இடவல வரம்புக்குப் பக்கத்தில் ஏற்கெனவே வந்துவிட்டவை. அதனால், நாலைந்து வருஷம் பழைய பிங் ஜி425 மேக்ஸ் மாதிரி ஒன்று கையில் இருப்பவர், இந்த எண்ணுக்காகவே புதிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். 2010-க்கு முந்தைய சின்ன முகம் உள்ள டிரைவரை வைத்திருப்பவர் மாற்றினால் முதல் சுற்றிலேயே வித்தியாசம் தெரியும்.

சரி, இனி பலரும் சொல்லாமல் விடும் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய தலை உங்கள் ஸ்லைஸை நிறுத்தாது.

ஸ்லைஸ் என்பது பந்து வலது பக்கம் வளைந்து போவது. அதற்கு முக்கியமான காரணம், கிளப் வரும் பாதைக்கு அதன் முகம் திறந்திருப்பது, அதாவது வலப்பக்கம் பார்த்திருப்பது. நான் வலக்கைக்காரர்களைச் சொல்கிறேன். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம் தீர்மானிக்கிறது. வளைவை, முகத்துக்கும் பாதைக்கும் உள்ள கோணம் தீர்மானிக்கிறது. நடுவில் அச்சாகப் பட்ட பந்தும் முகம் திறந்திருந்தால் ஸ்லைஸ் ஆகும். அங்கே எம்ஓஐ எவ்வளவு இருந்தாலும் பயன் இல்லை. அது காப்பாற்றுவது நடுவில் படாத பந்தை மட்டும். கொலுசுக் கடை அண்ணா ஒருமுறை களத்தில் இதே வருத்தத்தோடு வந்து நின்றார்.

"ஏங்க, மேக்ஸ்தான வாங்கச் சொன்னீங்க? வாங்கிட்டேன். இன்னும் வலது பக்கந்தாங்க போகுது."

"அண்ணா, பந்துல மார்க்கர் வெச்சுப் பாத்தீங்களா? எங்க படுது?"

"நடுவுலதாங்க படுது. அதான் எரிச்சலே."

நடுவில் பட்டும் வளைகிறது என்றால் மாற்ற வேண்டியது தலையின் அளவு இல்லை என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவருடைய டிரைவரில், ஷாஃப்ட் தலையில் சேரும் இடத்தில், லாஃப்டை (முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தை) மாற்றும் ஸ்லீவ் என்ற குழல் இருந்தது. ஒன்றரை டிகிரி கூட்டி வைத்தோம். லாஃப்டைக் கூட்டினால் தரையில் வைக்கும்போது முகமும் கொஞ்சம் மூடும், அதுவே அவருக்குத் தேவை. இன்னொரு லாபமும் இருக்கிறது. லாஃப்ட் கூடும்போது பின்சுழற்சி கூடும். பின்சுழற்சி அதிகமாக இருந்தால் அதே அளவு கோணத் தப்புக்குப் பந்தின் சுழல் அச்சு குறைவாகவே சாயும், வளைவும் குறையும். லாஃப்ட் அதிகமுள்ள ஏழு நம்பர் அயர்ன் கிளப்பில் நேராக அடிப்பவர் டிரைவரில் ஸ்லைஸ் அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அண்ணாவின் பந்து அப்புறமும் வலது பக்கம்தான் வளைந்தது. ஆனால் அடுத்த முறை கோயம்புத்தூரில் மரத்துக்குள் போகாமல் ரஃபில், அதாவது ஓரத்து உயரமான புல்லில், நின்றது. ரஃபில் இருந்து அடுத்த அடி அடிக்கலாம். மரத்துக்குள் இருந்து பக்கவாட்டில் தட்டி வெளியே எடுக்கத்தான் முடியும்.

லாஃப்ட் விஷயத்தில் ஆண்களுக்கு ஒரு வீம்பு இருக்கிறது. டிவியில் பார்ப்பவர்கள் 9 டிகிரி வைத்திருக்கிறார்கள், எனக்கும் 9 என்று வாங்குகிறார்கள். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் சராசரி கிளப் வேகம் மணிக்கு 113 மைலுக்கு மேல். சராசரி ஆண் அமெச்சூருக்கு அது 93 அளவில்தான் இருக்கிறது. வேகம் குறைந்தால் பந்தை மேலே தூக்க லாஃப்ட் வேண்டும். 90-ஐச் சுற்றி அடிப்பவர்கள் 10.5-இல் ஆரம்பிக்கலாம். 85-க்குக் கீழே என்றால் 12-ஐத் தைரியமாக எடுங்கள். தோட்டத்து அக்கா வைத்திருப்பது 12 டிகிரி, மெல்லிய லேடீஸ் ஷாஃப்ட். எங்களில் ஃபேர்வே என்ற நடுப் புல்வெளியில் அதிகம் நிற்பது அவர் பந்துதான். தூரத்தில் எங்களை அவர் ஜெயிப்பதில்லை. ஸ்கோரில் ஜெயிப்பார்.

மாடல் பெயரின் கடைசி எழுத்துக்களையும் படித்துவிட்டு வாங்குங்கள். எல்எஸ், எல்எஸ்டி, ட்ரிபிள் டைமண்ட் என்று முடிபவை வேகமாக அடிப்பவர்களுக்கானவை. அவற்றில் எடை முன்னால் இருக்கும், சுழற்சி குறையும், மன்னிப்பும் குறையும். மேக்ஸ் என்றால் பெரும்பாலும் எடை பின்னால். பிங்கில் எஸ்எஃப்டி, கால்லவேயில் மேக்ஸ் டி போன்றவை ஹீல் பக்கம் எடை வைத்து முகம் மூட உதவுபவை. ஸ்லைஸ் நீங்காத வியாதியாக இருப்பவர்கள் இந்த வகையை எடுப்பதில் தயக்கமே வேண்டாம். கடையில் ஒரே பெயரில் மூன்று டிரைவர் வரிசையாக நிற்கும், நிறமும் ஒன்றாக இருக்கும். தப்பானதை எடுத்து வந்துவிட்டு நிறுவனத்தைத் திட்டும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஷாஃப்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், எனக்கு அதில் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஆர்வம்: நீளம். விதிப்படி 48 இன்ச் வரை போகலாம். 2022-இல் இருந்து உயர்மட்டப் போட்டிகளில் 46 என்று குறைத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். கடையில் நம் கைக்கு வருவது 45.5, 45.75 இன்ச். நீளம் கூடினால் தலை வேகமாக வரும் என்பது கணக்கு. ஆனால் நீளம் கூடக்கூட நடுவில் படுவது குறையும். பிழைப்பே கோல்ஃப் என்று இருக்கிற டூர் ஆட்டக்காரர்கள் பலர் 45 இன்ச்சிலும் அதற்குக் கீழேயும் விளையாடுகிறார்கள். மாதம் ஒருமுறை அடிக்கும் நாம் அவர்களைவிட நீளமான கிளப்பை வைத்திருக்கிறோம். இதில் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு, ஏனென்றால் காசு செலவில்லாமல் திருத்தக்கூடிய விஷயம் இது. கிரிப்பை ஓர் இன்ச் இறக்கிப் பிடித்து ஒரு சுற்று முழுக்க விளையாடிப் பாருங்கள். பிடித்திருந்தால் அப்புறம் ஷாஃப்டை வெட்டலாம். வெட்டும்போது அரை இன்ச்சுக்கு மூன்று புள்ளி ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது கையில் தெரியும் தலையின் கனம், குறையும். தலையில் கிட்டத்தட்ட 2 கிராம் சேர்த்தால் ஒரு புள்ளி திரும்ப வரும். அதனால் அரை இன்ச் வெட்டினால் 6 கிராம் ஈயத் தாள் ஒட்டவோ, எடைத் திருகாணியை மாற்றவோ வேண்டியிருக்கும். வெட்டியபடியே விட்டால் கையில் தலை இருப்பதே தெரியாமல் வீச்சின் தாளம் கெட்டுவிடும்.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? கடையில் இரண்டு பந்து அடித்துப் பார்ப்பது சோதனையே இல்லை. நாங்கள் களத்தில் செய்வதைச் சொல்கிறேன். ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு பெரிய புள்ளி வைத்து, அந்தப் புள்ளி முகத்தைப் பார்க்கும்படி டீயில் வைக்க வேண்டும். அடித்ததும் முகத்தில் மை ஒட்டியிருக்கும். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த பந்து. பத்துப் பந்து அடித்தால் பத்துப் படம். எதையும் கணக்கில் இருந்து தள்ளக்கூடாது, "இது கைதவறிப் போச்சு" என்று சொல்லவே கூடாது. கைதவறிப் போகும் பந்துக்குத்தான் இந்த டிரைவரையே வாங்குகிறோம்.

படங்களை வரிசையாகப் பார்த்தால் உங்கள் வியாதி தெரியும். பெரும்பாலும் ஹீலில் பட்டால் நீங்கள் பந்துக்கு மிக அருகில் நிற்கலாம், இல்லை கிளப் வெளியே இருந்து உள்ளே வெட்டி வரலாம். ஹீலில் பட்ட பந்துக்கு ஸ்லைஸ் சுழற்சி ஏறும். டோவில் பட்டால் எதிர்ப் பக்கம். டிரைவர் முகம் தட்டையாக இல்லாமல் லேசாகப் புடைத்திருப்பதே இந்தச் சுழற்சியைச் சரிக்கட்டத்தான், டோவில் பட்ட பந்து வலப்பக்கம் கிளம்பி நடுவுக்குத் திரும்பி வரும். முகத்தின் அடியில் பட்டால் பந்து தாழ்வாகக் கிளம்பி, சுழற்சி அதிகமாகி, தூரம் குறையும். அதற்குப் பெரும்பாலும் டீ உயரம்தான் காரணம். சின்னத் தலைக் காலத்துக் குட்டை டீயை 460 சிசி டிரைவருக்கும் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிளப்பைப் பக்கத்தில் வைத்தால் பந்தில் பாதி அதன் மேல் ஓட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்கு 3 இன்ச் அளவிலான டீ வேண்டும். அந்த நீள டீ ஒரு பாக்கெட் வாங்குவதும் டிரைவர் வாங்கும் செலவில் சேர்ந்ததுதான்.

மலைக்கு மேலே சோதிப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்காடு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர், கொடைக்கானல் 2,000-ஐத் தாண்டும். காற்று மெலிந்த இடத்தில் பந்து அதிக தூரம் போகும். 5,000 அடி உயரத்துக்குக் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தூரம் கூடுவது எல்லோருக்கும் தெரியும், வளைவு குறைவது பலருக்குத் தெரியாது. காற்று மெலிந்தால் சுழற்சிக்குப் பிடிமானம் குறைவு, ஸ்லைஸும் கொஞ்சம் அடங்கும். கொடைக்கானலில் ஒருவருடைய டிரைவரைக் கடன் வாங்கி அடித்துவிட்டு, நேராகவும் போகிறது, தூரமும் போகிறது என்று மயங்கி அதே மாடலை வாங்கினால், கோயம்புத்தூர் சமவெளியில் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். எங்கள் களத்தில் வலைக்குள் அடிப்பதில் இந்த மயக்கம் கிடையாது, அங்கே முகத்தில் ஒட்டிய மை மட்டும்தான் சாட்சி. நல்ல காரியமாகவே எனக்குப் படுகிறது.

வாங்குவதைப் பற்றி. பெரிய நிறுவனத்தின் புதிய மாடல் அரை லட்சத்தைத் தொடும், தாண்டவும் செய்யும். இறக்குமதிப் பொருள், வரியும் சேரும். என் சிபாரிசு, இரண்டு மூன்று தலைமுறை பழைய மேக்ஸ் வகை ஒன்றைக் கைமாற்றாக வாங்குவது. தலை நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். மேல் ஓட்டில் வானத்தைப் பார்த்த அடியின் வடு இருந்தால் அழகுதான் போயிற்று, ஆட்டத்துக்கு ஒன்றுமில்லை. முகத்தில் முடி போன்ற விரிசல் இருந்தால் தொடாதீர்கள், அது ஒரு நாள் பிளந்துவிடும். நகத்தை ஓட்டிப் பாருங்கள், விரிசலில் நகம் மாட்டும். தலையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் பசைத் துண்டு உதிர்ந்திருக்கிறது, விலையைக் குறைக்கச் சொல்லலாம். லாஃப்ட் ஸ்லீவைக் கழற்றி மாட்டும் சாவியைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் விற்பவர்கள் அதிகம்.

ஆன்லைனில் பாதி விலைக்குப் புத்தம் புதிது என்று வந்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே இன்ஜினியர் சாரின் காந்தம் வேலைக்கு வரும். எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது சேலத்துக்காரர்கள் காந்தம் வைத்துப் பார்ப்பது உண்டு. அவரும் கோல்ஃப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருக்கிறார். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது, கார்பனிலும் ஒட்டாது. டைட்டானியம் முகம் என்று விற்கப்படும் டிரைவரின் முகத்தில் காந்தம் கப்பென்று பிடித்தால் அது எஃகு. எடைத் திருகாணிகளில் ஒட்டினால் கவலை இல்லை, முகத்தைத்தான் பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதற்காகவே அசல் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சீரியல் எண்ணும் பார்க்க வேண்டும், விற்பவரின் பழைய பில்லும் கேட்க வேண்டும். ஆனாலும் ஒரு நிமிஷத்தில் ஒரு ஏமாற்றைக் காட்டிக்கொடுக்க அந்தக் காந்தத்துக்கு ஈடு இல்லை. போட்டிகளில் விளையாடுகிறவர்கள், அந்த மாடல் விதிக்கு உட்பட்ட டிரைவர்களின் பட்டியலில் இருக்கிறதா என்று, கோல்ஃப் விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏ அல்லது ஆர் அண்ட் ஏ அமைப்பின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் எல்லோரும் பார்க்கலாம்.

பெண்களுக்கு என்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் ஆண் பயன்படுத்திய பழைய டிரைவரை மனைவிக்கோ மகளுக்கோ கொடுத்துப் பழகச் சொல்வது இங்கே சாதாரணமாக நடக்கிறது. 9 டிகிரி, எளிதில் வளையாத ஸ்டிஃப் ஷாஃப்ட், கனமான கிளப். பந்து எழும்பாது, கை வலிக்கும், இது எனக்கு ஒத்துவராது என்று அவர்கள் விட்டுவிடுவார்கள். தோட்டத்து அக்காவும் அப்படித்தான் ஆரம்பித்தாராம். சரியான கிளப் கிடைத்த பிறகுதான் விளையாட்டின் மீது ஆசை வந்தது என்று அவரே சொன்னார். வயதானவர்களுக்கும் இளம் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். தப்பை மன்னிக்கும் டிரைவர் யாருக்கு முதலில் தேவையோ, அவர்கள் கையில்தான் மன்னிக்காத டிரைவரைக் கொடுக்கிறோம். உங்கள் வீட்டில் யாராவது புதிதாகத் தொடங்கினால் முதல் செலவு அவர்கள் டிரைவருக்காக இருக்கட்டும்.

கடைசியாக, சேலத்து வெயில். ஏப்ரல், மே மாதத்தில் பூட்டிய காரின் டிக்கியில் கோல்ஃப் பையை நாள் முழுக்க விட்டுவிட்டுக் கடை வேலை பார்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. ஷாஃப்டை ஸ்லீவோடு பிடித்துவைத்திருப்பது எபாக்சி பசை. சூடு ஏற ஏற அது பலவீனமாகும், கிரிப்புக்குள் இருக்கும் ஒட்டுத் தாளும் இளகும். கிரிப் கையில் மில்லிமீட்டர் அளவு சுற்றினாலும் முகம் திறந்துவிடும், அப்புறம் இத்தனை யோசித்து வாங்கிய டிரைவர் மீது சந்தேகம் வரும். பையை வீட்டுக்குள் வையுங்கள். விளையாடி வந்ததும் கிரிப்பை இளஞ்சூட்டு சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள், வியர்வை உப்பு படிந்த ரப்பர் வழுக்கும். வழுக்குகிற கிரிப்பை இறுக்கிப் பிடிப்போம், இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு திரும்பாது, முகம் மூடாது. வருஷத்துக்கு ஒருமுறை டிரைவரின் கிரிப்பை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். கை அதிகம் வியர்ப்பவர்கள் நூல் கலந்த கோர்டு கிரிப்பைக் கேளுங்கள். உள்ளங்கை கொஞ்சம் உரசும், ஒரு மாதத்தில் பழகிவிடும்.